அடுப்படியில் ஓர் ஆணி

நெட்டை மாமோய், நீங்கள் காஜா பெராங்கில் வாங்கிய வீட்டுக்கு நேற்றுக் குடிவந்துவிட்டேன். வெள்ளையடித்த கையோடு நீங்கள்தான் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று அஞ்சலை வந்தாள். ரப்பர் தோட்டத்தில் என்னோடு பால்மரம் வெட்டியவள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அடுப்படிச் சுவரைப் பார்த்தாள்.

"என்னா புள்ள, இவ்ளோ கீழ ஆணி? மெர்டேக்கா நாளுக்குக் கொடி கட்டவா?"

"நான் அடிக்கல. அவரு அடிச்சு வச்சது."

"அப்ப அவரு படத்தையே மாட்டு லா."

"அவரு நெட்டைக்கு, குனிஞ்சு குனிஞ்சு கழுத்து சுளுக்கிக்கும்."

சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி ஆறிப்போனது.

அவள் போனபின் ஆணி முன்னால் நின்று பார்த்தேன். சரியாக என் கண் உயரம். உங்கள் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டேன். ஆணி சும்மாதான் இருக்கிறது.

எனக்கென்று எதை மாட்ட நினைத்தீர்கள், மாமோய்?