என் காலைப் பிடித்தவள்

நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கொரோனா ஓய்ந்து, மைதானங்களில் மறுபடியும் போட்டிகள் ஆரம்பித்திருந்த சமயம். திருவண்ணாமலையில் கல்லூரிப் பெண்களுக்கான கபடிப் போட்டி. எனக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பா விவசாயி. எங்கள் குடும்பத்திலேயே மைதானத்தில் இறங்கிய முதல் பெண் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அரையிறுதி ஆட்டம் முடியும் நேரம். பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் போனேன். ஓரத்தில் நின்ற பெண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அவள் பாய்ந்து என் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். சுத்தமான பிடி. அவள்மேல் தப்பே கிடையாது. எப்படியாவது கோட்டைத் தொட்டுவிடலாம் என்று நான்தான் உடம்பை முறுக்கித் திரும்பினேன். பாதம் அவள் கையிலேயே இருந்தது. முட்டிக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம். அதன்பிறகு நான் போட்ட அலறல், வேறு யாரோ கத்துவதைப்போல என் காதில் விழுந்தது.

முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்து, காலை நீட்டிக் கட்டிலே கதியென்று கிடந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் அம்மாவின் குரல் உயர்ந்தது.

"இன்னாத்துக்கும்மா வந்த? இன்னொரு கால் மிச்சம் இருக்குதேன்னா?"

எட்டிப் பார்த்தால், என்னைப் பிடித்த அந்தப் பெண். கையில் ஒரு பை சாத்துக்குடி. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் அவள் வீடு. அங்கிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். அம்மா திட்டி முடிக்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ரொம்ப வலிக்குதாங்க?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அம்மா பயந்துவிடுவாள் என்று அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், யாரென்றே தெரியாத ஒருத்தியின் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடிகிறவரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தாள். நான் முட்டி மடக்கும் பயிற்சி செய்யும்போது எதிரில் உட்கார்ந்து தன் காலையும் மடக்குவாள். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் வேங்கிக்கால் என்ற ஊரில் பிசியோதெரபிக்குப் போக ஆரம்பித்ததும், நான் வரும் பஸ்ஸுக்காகத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூடவே வருவாள். 'வாங்க போங்க' எப்போது 'வாடி போடி' ஆனது என்று நினைவில்லை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை வயலில் பிடுங்கி அவித்து, "அந்தப் பொண்ணுக்கும் குடு" என்று அம்மா தனியாகக் கட்டித்தர ஆரம்பித்திருந்தாள்.

மாதங்கள் ஓடின. ஜவ்வு நன்றாகச் சேர்ந்துவிட்டது, காலில் பலமும் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஓடிப்போய்ச் சட்டென்று திரும்பினால் முட்டிக்குள் சுருக்கென்று குத்தும். அப்படியே உட்கார்ந்துவிடுவேன். நான் நடிப்பதாக நினைக்கிறார்களோ என்று எனக்கு ஆத்திரம். பிசியோதெரபி மேடத்திடம் அதைச் சொல்லியே விட்டேன்.

"வலி பொய்யில்லம்மா" என்றார் அவர். "ஆனா வலிக்குதுன்னாலே உள்ள கிழியுதுன்னு அர்த்தமில்ல. ஒரு தபா திருடன் வந்துட்டுப்போன வீட்ல, அப்புறம் பூனை குதிச்சாக்கூட எல்லாரும் முழிச்சுக்குவாங்க இல்ல? உன் முட்டி அப்படித்தான் பயந்துபோய் காவல் காக்குது. கொஞ்சம் கொஞ்சமா அதுக்கு தைரியம் சொல்லணும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கூட வந்திருந்த என் தோழி தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி ஆச்சு?" என்று கேட்டேன்.

"எனக்கும் அப்படித்தான்டி இருக்குது" என்றாள். "அன்னிக்கப்புறம் நான் யாரு காலையும் பிடிக்கல. கணுக்கால் கண்ணுல பட்டாலே நீ கத்தினதுதான் கேக்குது. கை போக மாட்டேங்குது. டீம்ல இப்ப என்னை உக்கார வச்சுட்டாங்க."

இத்தனை நாளும் என் முட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளை எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காதுதான்.

அடுத்த முறை போனபோது மேடத்திடம் ஒன்று கேட்டேன். அவர் என் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். "ஓடக் கூடாது. நின்ன இடத்துலயே. நானும் வரேன்" என்றார். பக்கத்தில், மனை போட்டுக் கல் நட்டிருந்த செம்மண் நிலத்துக்கு மூவரும் போனோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை முன்னால் வைத்தேன்.

"என் காலைப் பிடிடி."

"முடியாது. விளையாடாத" என்று பின்னால் போனாள்.

"நான் திரும்ப மாட்டேன். சும்மா பிடி."

வெகுநேரம் கழித்துக் குனிந்தாள். என் கணுக்காலைச் சுற்றி அவள் விரல்கள் வந்தன. சில்லென்றிருந்தன. என் முட்டிக்குள் சுருக்கென்றது. குத்தியது. குத்தட்டும் என்று நின்றேன். எதுவும் கிழியவில்லை. கொஞ்சநேரத்தில் குத்தல் தானாகவே அடங்கியது. குனிந்து பார்த்தால், அவள் என் காலைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. "ஏய், பிடிச்சா விடணும்டி" என்றேன். அவளும் அழுகையோடு சிரித்தாள். மேடம் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் நடந்துகொண்டே பிடித்தோம். பிறகு மெல்ல ஓடி. மேடம் சரி என்று சொன்னபிறகுதான் வேகமாக. குத்தல் ஒரே நாளில் போய்விடவில்லை. சில நாள் ஜாஸ்தியாக, சில நாள் கம்மியாக இருந்து, ஒரு கட்டத்தில் அது இல்லாததையே நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அவளும் தன் அணியில் பழைய இடத்துக்குப் போய்விட்டாள். பின்பு உள்ளூர்ப் போட்டி ஒன்றில் எதிரெதிரே ஆடினோம். என்னைப் பிடித்து அவுட்டாக்கினாள். விசில் ஊதியதும் அவள் முதலில் பார்த்தது என் முட்டியைத்தான். பார்க்க வந்திருந்த அம்மா, "நல்லாத்தான் இருக்குது, நீ ஆடு!" என்று வெளியிலிருந்து அவளுக்குக் குரல் கொடுத்தாள்.

மாநில அணிக்கெல்லாம் நான் போகவில்லை. இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். ஆட்டத்தில் ஒரு பிள்ளை அடிபட்டு உட்கார்ந்தால் எல்லோரும் அதைச் சுற்றித்தான் ஓடிவருவார்கள். அடிபட்ட இடத்தைப் பார்த்து முதலுதவி செய்ததும், யார்மேல் மோதி அடிபட்டதோ அந்தப் பிள்ளை எந்த மூலையில் தனியாக நிற்கிறது என்று என் கண் தேடும். அதையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "உனக்கு எப்படிம்மா இருக்குது?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.