பல்லுக்கு வந்த டாலர்

ஷாங்காய் யாங்பூ வட்டாரத்தில் வெங் குயிலானைப் 'பல்லில்லாத பங்குக்காரி' என்பார்கள். பட்டம் சும்மா வரவில்லை.

பஞ்சாலையில் காலமெல்லாம் தறி ஓட்டியவள் அவள். ஆலை பங்கு வெளியிட்டபோது ஆசையாக வாங்கப் போனாள். "இது பி பங்கு, வெளிநாட்டாருக்கு மட்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். தறி ஓட்ட உள்ளூர்க்காரி வேண்டும்; உடைமை என்றால் மட்டும் அந்நியன் வேண்டும். எந்த ஊர் நியாயம் இது?

பிறகு ஆட்குறைப்பில் அவளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியது ஆலை ஆஸ்பத்திரி ஒன்றுதான். பஞ்சுத்தூசி அரித்த நுரையீரல்களுக்கு அங்கேதான் மருந்து. அதையும் மூடிக் கரோக்கி விடுதிக்கு வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆலை வாசலில் போய்க் கேட்டாள்.

"பங்குதாரருக்குத்தான் பதில் சொல்லுவோம். போ, போ" என்றான் காவலாளி.

2001 பிப்ரவரியில் அரசு கதவைத் திறந்தது. வங்கியில் ஏற்கெனவே டாலர் வைத்திருந்த உள்நாட்டாரும் பி பங்கு வாங்கலாம். குயிலானிடம் டாலர் இருந்தது. ஒசாகாவில் பாத்திரம் கழுவும் தம்பி, அக்கா பல் கட்டிக்கொள்ள அனுப்பியது.

"ஊரே லாபத்துக்கு வாங்குது. நீ சண்டை போட வாங்குறியா?" என்றார் கணவர் ஷௌ.

"கஞ்சி குடிக்கப் பல்லு எதுக்குய்யா?"

மே மாதம் பங்குதாரர் கூட்டம். வழக்கம்போல் வாசலிலேயே ஆளுக்கொரு புட்டி சமையல் எண்ணெய் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். சின்னப் பங்குதாரர்கள் பலர் புட்டியோடு அப்படியே வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். குயிலான் தன் புட்டியை உள்ளே கொண்டுபோய் ஆலைத் தலைவரின் மேசைமேல் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிய எதுக்கு மூடுறீங்க?"

"நேரமில்லக்கா. எண்ணெய எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

முன்வரிசையில் ஹாங்காங்கிலிருந்து வந்த ஆங்கிலேய முதலீட்டாளர் ஏதோ முணுமுணுத்தார். "அந்தம்மா என்ன கேக்குறாங்கன்னு ஐயா தெரிஞ்சுக்கணுமாம்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

தலைவர் சடாரென்று எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டி, ஆங்கிலேயர் பக்கம் திரும்பி, வாயெல்லாம் பல்லாக விளக்கத் தொடங்கினார்.

"இங்க பாருங்க!" என்று மேசையைத் தட்டினாள் குயிலான். "கேட்டது நானு. அவருதும் பி பங்கு, என்னுதும் பி பங்கு. எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அரங்கு சிரித்தது, பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். தலைவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"இந்த வருஷம் மூடல."

"அடுத்த வருஷம்?"

"அப்பப் பாக்கலாம்."

"பாக்கலாம். நானும் வருவேன்."

கோடையோடு பி பங்குகளின் விலை சரிந்தது. "இப்பவாவது வித்துட்டுப் பல்லக் கட்டிக்கடி" என்று ஷௌ கெஞ்சினார்.

"வித்துட்டா எந்த வாயால கேக்குறது?" என்றாள் குயிலான், கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தபடி.