கார்னெட்டுக்குச் சந்தனப் பொட்டு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மிக்ஸி ஜார்களுக்கு நடுவே கிடந்தது என் கார்னெட். டிரம்பெட்டைவிடக் குட்டையான பித்தளை ஊதுகருவி. விரலால் அழுத்த மூன்று பிஸ்டன்கள். அகன்ற வாயில் பாரிஸ் என்றும், என் நாக்குக்கு அடங்காத ஒரு பட்டறைக்காரரின் பெயரும் பொறித்திருந்தது. செய்து நூற்றைம்பது வருஷம் இருக்கும் என்று பிறகு தெரிந்தது. வருஷக்கணக்கில் பெட்டியில் தூங்கியதை எனக்கு ஐம்பது வயது நெருங்கும்போது எடுத்து ஊதக் கற்றுக்கொண்டேன். கணக்கு டீச்சருக்கு இது எதற்கு என்று ராஜகீழ்ப்பாக்கம் காலனியே சிரித்தது. என் கணவர் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேப்பர் படிப்பார்.

போன வருஷம், விஜயதசமி மாலை காலனி மேடையில் ஊத ஒப்புக்கொண்டேன். சிரித்தவர்கள் வாயை அடைக்க வேண்டும். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் இவர் ஸ்கூட்டர், மிக்ஸியோடு கார்னெட்டையும் துலக்கிவிட்டார், குத்துவிளக்கைப் போலப் புளி போட்டு. பிஸ்டன்களையும் கழற்றித் தேய்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து மாட்டியிருந்தார்.

"பித்தளைதானே, பளிச்சுனு இருக்கட்டுமேன்னு..." என்றார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சுண்டல் தின்றேன்.

காலையில் ஊதினால், மூச்சு அப்படியே முட்டி நின்றது. "உங்க கை பட்டா எதுதான் உருப்படும்?" என்று கத்தினேன். அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

முடிச்சூரில் குடியிருந்தபோது, வெள்ளம் இடுப்புக்கு ஏறிய நாளில், தன் சர்டிபிகேட் பையை விட்டுவிட்டு இந்தப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தவர் இவர்தான். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகையில் அது நினைவுக்கு வந்தது. வந்தும், கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

திருமுடிவாக்கத்தில் அவருக்குத் தெரிந்த லேத் பட்டறையை, நல்ல நாளில் மெஷினை ஒரு ஓட்டு ஓட்டுவதற்காகத் திறந்திருந்தார்கள். பட்டறைக்காரர் பிஸ்டன்களை உருவி, காய்ந்த சந்தனத்தைத் துடைத்தார்.

"இன்னாக்கா, நம்பர் போட்டுகீது பாரு. ரெண்டோட வூட்ல மூணு குந்திகினு கீது. காத்து எப்டி போவும்? ரிப்பேர்லாம் ஒண்ணியும் இல்ல."

ஒவ்வொரு பிஸ்டனிலும் கையால் தட்டிப் பதித்த எண்கள். மூன்று கொஞ்சம் கோணல். அந்தப் பாரிஸ்காரர் தன் வசதிக்காகவே போட்டிருக்கலாம். ஆனாலும், எவனோ ஒருவன் என்றைக்காவது கழற்றுவான், குழம்புவான் என்று நினைத்துத்தான் போட்டார் என எனக்குப் பட்டது. கழற்றுபவனைத் திட்டி எதுவும் பொறிக்கவில்லை. எண் போட்டதோடு சரி. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்களே போடுங்க" என்று இவரிடம் சொன்னேன்.

"வேணாம்மா. மறுபடி ஏதாவது ஆயிடப் போகுது" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கடைசியில் நானே போட்டேன். ஊதியதும் பட்டறையே திரும்பிப் பார்த்தது. இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மாலையில் மேடையேறினேன். முன்வரிசையில் அவர் அப்போதும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இரண்டு இடத்தில் பிசிறடித்தது. யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும். முடித்ததும் மைக்கைப் பிடித்தேன்.

"இதை வெள்ளத்துல காப்பாத்தினது எங்க வீட்டுக்காரர். நேத்து துலக்கினதும் அவர்தான்."

கூட்டம் தட்டியது. கொஞ்சம் கழித்து, கட்டியிருந்த கைகளைப் பிரித்து அவரும் தட்டினார்.