பிரமு மேடமும் தூங்கிப்போன தேர்வாளரும்

பிரமு மேடம் காலமான செய்தி எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது. அன்று காலை எங்கள் கல்லூரியில் 'கைபேசி மென்பொருள் உருவாக்கம்' தாளுக்குத் தேர்வு. நான் அறைக் கண்காணிப்பாளர். தேர்வறைக்குள் கைபேசிக்கு அனுமதி கிடையாது. அதனால் கைபேசித் திரையில் எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்பதை மாணவர்கள் வெள்ளைத் தாளில் அடிக்கோல் பிடித்து வரைந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர் பிரமு மேடம். விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து என் கைபேசியை உயிர்ப்பித்தபோதுதான் துறையின் வாட்ஸப் குழுவில் செய்தியைப் பார்த்தேன்.

செய்திக்குக் கீழே வரிசையாகக் கண்ணீர் முகங்கள். நடுவில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் மட்டும், விழுந்து விழுந்து சிரித்ததில் கண்ணீர் வரும் முகத்தை அனுப்பியிருந்தார். 'இது என்ன சார்?' என்று அவரை நாலைந்து பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் பாவம், மன்னிப்புக் கேட்டு இன்னொரு முறையும் அதே முகத்தை அனுப்பியிருந்தார். கல்லூரி மரத்தடியில் நின்றுகொண்டு அழுகையோடு நான் சிரித்தேன். பிரமு மேடம் இருந்திருந்தால் அவருக்குத்தான் பரிந்து பேசியிருப்பார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா விரல் தப்பத்தான் செய்யும். அமுக்குனவர ஏன் வைதிய? வச்சவன வையிங்க" என்று வகுப்புக்கு வகுப்பு சொன்னவர் அவர்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேரன்மகாதேவியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போவார். மெலிந்த உருவம், பெரிய கைப்பை. நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கணினி அறிவியல் துறையில் சேர்ந்தோம். பல்கலைக்கழகம் இந்தப் புதிய பாடத்தை அனுப்பியபோது நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "குடுங்க, நான் பாக்குதேன்" என்று வாங்கிக்கொண்டவர் அவர்.

ஆய்வகக் கணினிகளில் கைபேசி போல நடிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. எங்கள் பழைய கணினிகளில் அதைத் திறந்தால் அது விழித்து எழுவதற்குள் வருகைப்பதிவு எடுத்து, ஊர்க்கதை பேசி, தேநீரும் குடித்துவிடலாம். சில நாள் பார்த்தார். பிறகு எங்கள் வீடுகளில் மேசை இழுப்பறைகளில் கிடந்த பழைய கைபேசிகளை எல்லாம் கேட்டு வாங்கினார். கண்ணாடி விரிசல் விட்டது, பின்மூடி இல்லாமல் ரப்பர் வளையம் போட்டது, சார்ஜர் கம்பியை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் மின்னேறுவது என்று ஒரு தர்மாஸ்பத்திரியே ஆய்வகத்தில் உருவானது. மாணவர்களின் செயலிகள் அதில்தான் ஓடிக் காட்ட வேண்டும். "புதுப் போன்ல ஓடுனா அது போனுக்குப் பெருமை. இதுல ஓடுனாத்தாம்லே ஒனக்குப் பெருமை" என்பார்.

அதிலும் தேறிய செயலிக்குக் கடைசிச் சோதனை ஒன்று இருந்தது. அது அவருடைய கணவர் சிவசைலம் அண்ணாச்சி. சேரன்மகாதேவியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பித்தளை, எவர்சில்வர் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசிக் குரல் வெண்கலமாகிவிட்டது. கோபமும் அதற்கு ஏற்றாற்போல. மாணவர்களின் செயலியை அவர் கையில் கொடுத்துவிட்டு மேடம் நகர்ந்துவிடுவார். எந்த இடத்தில் அண்ணாச்சி கைபேசியை எறியப் போனார் என்று மறுநாள் வகுப்பில் பாடம் நடக்கும். "பொறுமைசாலிட்ட குடுக்காதிய. அவிய நம்ம தப்பையும் பொறுத்துக்கிடுவாவ" என்பது மேடத்தின் கட்சி.

இனி, நீங்கள் பலவிதமாகக் கேள்விப்பட்டிருக்கும் அந்தப் பேருந்துக் கதை. நான் கூடவே இருந்தேன் என்பதால் உள்ளபடி சொல்கிறேன்.

இசக்கியம்மாள் என்ற மாணவி இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஒரு செயலி செய்திருந்தாள். பேருந்தில் தூங்கிப்போகிறவரை அவர் இறங்கவேண்டிய ஊர் நெருங்கும்போது எழுப்பிவிடும் செயலி. அவளே ஒருமுறை திருச்செந்தூர்ப் பேருந்தில் தூங்கி, ஏரலில் இறங்காமல் கடற்கரை வரைக்கும் போய்விட்டு வந்தவள். வேலைக்கு உத்தரவு கிடைத்திருந்தது. இந்தத் திட்டப்பணியில் தேறினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் வேலை. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் நல்ல மனிதர்தான், ஆனால் கறார். இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் கண்கள் சிவந்திருந்தன.

"ஏம்மா, ஆய்வகம் ஒரே இடத்துலதான இருக்குது? ஊர் வந்தா எழுப்பும்னு நான் எப்படி நம்பறது? ஓடிக் காட்டாத செயலிக்கு மார்க் போட முடியாதுங்க" என்றார்.

இசக்கியம்மாள் முகம் சுண்டிவிட்டது. பிரமு மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நியாயந்தான் சார். வாங்க, நகருவோம்."

தேர்வாளர் மறுப்பதற்குள் நாங்கள் நால்வரும் பாபநாசம் பேருந்தில் இருந்தோம். தர்மாஸ்பத்திரிக் கைபேசி ஒன்றில் 'சேரன்மகாதேவி' என்று குறித்து அதைத் தேர்வாளர் சட்டைப்பையில் வைத்தாள் இசக்கியம்மாள். மதியச் சாப்பாடு, ஜன்னல் காற்று, ராத்திரி விழிப்பு. பேட்டை தாண்டியதும் தேர்வாளர் தலை தொங்கியது. சுத்தமல்லிக்கு முன்பே குறட்டை.

"மேடம், எழுப்பிருவோமா?" என்று நான் கேட்டேன்.

"தொடாதிய! இதவிட நல்ல பரீட்சை நமக்கு எங்க கெடைக்கும்?"

இசக்கியம்மாள் எங்கள் இருவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "பேட்டரிய மிச்சம் புடிக்க போனும் ஒறங்கிருமே மேடம்" என்றாள். பழைய கைபேசிகளுக்கு அந்தக் குணம் உண்டு; திரை அணைந்து கொஞ்ச நேரமானால் பின்னால் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும்.

"அதுக்கு என்ன செஞ்சிருக்க?"

"தூங்க விடாம ஒரு வழி பண்ணிருக்கேன் மேடம்."

"பின்ன என்ன? எழுப்பப் போறது முழிச்சிருந்தாப் போதும்லா" என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர் கை முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

பத்தமடை தாண்டியது. கைபேசியில் சத்தமில்லை. வயல்கள் ஓடின. நடத்துநர் எழுந்து, "சேரமாதேவி எறங்குதவங்கல்லாம்..." என்று ஆரம்பிக்க, மேடம் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "தம்பி, கொஞ்சம் பைய சொல்லுங்க. இவரு முழிச்சிரக் கூடாது."

"பைய சொன்னா எப்படிக்கா எறங்குவாவ? என் வேலையே சத்தம் போடுததுதான்!"

"இன்னைக்கு ஒரு நாள்."

நடத்துநர் என்ன நினைத்தாரோ, ஒவ்வொரு இருக்கையாகப் போய்க் காதோடு காதாகச் "சேரமாதேவி, சேரமாதேவி" என்று சொல்லத் தொடங்கினார். பேருந்து முழுக்க எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஊர் எல்லை வந்தது. இசக்கியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் தேர்வாளரின் நெஞ்சிலிருந்து அந்த வெண்கலக் குரல் வெடித்தது.

"எந்திரிவே! ஊரு வந்துட்டு! இன்னும் என்னவே ஒறக்கம்!"

சிவசைலம் அண்ணாச்சி மதியம் தூங்கும் தன் மைத்துனரை எழுப்பியதை மேடம் அண்ணாச்சிக்கே தெரியாமல் பதிவு செய்து இசக்கியம்மாளுக்குக் கொடுத்திருந்தார். மணியோசை எல்லாம் ஆளை எழுப்பாது என்பது மேடத்தின் எண்ணம். ஓட்டுநர் பயந்துபோய்ப் பிரேக்கை அழுத்தினார். பின்சீட்டில் உறங்கிய இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் அதற்கும் அப்பால் வீரவநல்லூருக்குப் போகிறவர்கள். தேர்வாளர் மேல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு, பையை அள்ளிக்கொண்டு, நிறுத்தம் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் இறங்கிவிட்டார். தரையில் நின்ற பிறகுதான் அவருக்கு நினைவு திரும்பியது.

"யாருங்க என்னைத் திட்டினது?"

தண்ணீர் குடிக்கலாம் என்று மேடம் நேரே பாத்திரக்கடைக்கு அழைத்துப் போனார். அண்ணாச்சி எழுந்து வந்து, "வாங்க சார், வாங்க!" என்று வரவேற்றார். அந்தக் குரலைக் கேட்டதும் தேர்வாளர் ஓர் அடி பின்வாங்கி, அடுக்கியிருந்த குத்துப்போணிப் பாத்திரங்களில் மோதி, அவை உருண்டு, கடை அதிர்ந்தது. அப்புறம் அவரே சிரிக்கத் தொடங்கினார். குடங்களுக்கு நடுவே உட்கார்ந்து இசக்கியம்மாளுக்கு நல்ல மதிப்பெண் போட்டார். குறிப்பு என்ற இடத்தில், 'ஒலியைக் குறைக்க வசதி தேவை' என்று மட்டும் எழுதினார். அவள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

ஓய்வுபெற்ற சில மாதங்களில் பிரமு மேடத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பார்க்கப் போயிருந்தேன். என்ன பேசுவதென்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அவர் இடது கையில் கைபேசியை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கன பாருங்க சார். எல்லாப் பொத்தானும் அந்தக் கோடியில. எடது பெருவிரல் எட்டவே மாட்டேங்கு. இத்தன வருசம் சொல்லிக்குடுத்தேன், இது என் கண்ணுல படலையே!"

"ஒடம்பு சரியானதும் பாத்துக்கிடலாம் மேடம்."

"ஒடம்பு சரியாயிட்டா மறுபடியும் கண்ணுல படாது சார். இப்பவே பாத்துருவோம்."

அந்த ஆண்டு மாணவர்களின் செயலிகளை எல்லாம் தனக்கு அனுப்பச் சொன்னார். இடது பெருவிரலால் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதில் அனுப்புவார். 'எட்டல.' அவ்வளவுதான். திருத்தி அனுப்பினால் மறுபடியும் 'எட்டல.' மாணவர்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். நான் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, மேடத்தைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றேன். "யாரு சொல்லுதது? நீரே வந்து சொல்லும்வே" என்றார். ஒருநாள் ஒரு மாணவனுக்கு 'எட்டுது' என்று வந்தது. அதைப் படம் பிடித்து வகுப்பு முழுக்க அனுப்பிக் கொண்டாடினார்கள். அடுத்த வாரம் இரண்டாவது பக்கவாதம். அதிலிருந்து அவர் மீளவில்லை.

இறுதிச் சடங்கில் அண்ணாச்சி மெதுவாகப் பேசினார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "அவ போயிட்டா சார்" என்றார். பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது.

இப்போது அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன். இந்தப் பருவத்தின் முதல் வகுப்பில் எல்லோரையும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். நானும் கட்டிக்கொண்டேன். இடது பெருவிரலால் அவரவர் கைபேசியில் ஒரு செயலியைத் திறக்க முயன்று, தவறவிட்டு, சிரித்து, சலித்து, ஒரு கைபேசி கீழே விழுந்து வகுப்பே அமளியானது. "இது சிலபஸ்ல இருக்கா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றேன். பிரமு மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த இடது கைதான்.