மிளகாய்த்தூள் பாக்கெட்டில் என் அடையாள இலக்கம்

இலவசமாகக் கிடைக்கும் எதையும் நான் நம்புவதில்லை. மஹய்யாவவில் எங்கள் வீட்டில் என் மருமகள் மிளகாய்த்தூள் அரைத்து விற்கிறாள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு பெரிய கடை அதை எடுக்கச் சம்மதித்தது. ஆனால் பார்கோட் வேண்டுமாம். அதை அச்சடிக்கும் மென்பொருள் ஒன்றை அவள் இணையத்திலிருந்து இறக்கினாள்.

"காசு கேக்கலையா?"

"இல்ல மாமா. சும்மாதான்."

"சும்மா குடுக்குறவன் எதையாவது எடுத்துக்கிட்டுத்தான் குடுப்பான்."

"நம்ம வீட்ல எடுக்க என்ன இருக்கு? உங்க சந்தேகத்த வேணும்னா எடுத்துட்டுப் போகட்டும்."

அச்சான தாளை வாங்கி எண்ணினேன். ஒரு பார்கோடில் முப்பது கறுப்புக் கோடுகள், கீழே பதின்மூன்று இலக்கங்கள். முதல் நான்கும் நான் பிறந்த வருடம். தொடர்ந்து படித்தேன். பன்னிரண்டு வரை என் அடையாள அட்டை இலக்கமேதான்.

"அது பன்னெண்டு நம்பர் கேட்டுச்சு மாமா. கடைசி நம்பர அதுவே கணக்குப் பாத்துப் போட்டுக்கும். வேற யார்கிட்டயும் இல்லாத நம்பரா இருக்கணும்ல? உங்க ஃபோர்ம் எல்லாம் நான்தான நிரப்புறேன், அதான் மனப்பாடம்."

என் அப்பா ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் குடியுரிமை இல்லாமல், அடையாள அட்டையும் இல்லாமலே செத்தவர். எனக்கு அது கிடைத்தபோது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் போனாலும் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அதை ஊரான் குழம்பு வைக்க வாங்கிப் போவதா?

"மாத்து."

"கடைக்காரங்க கொம்பியூட்டர்ல ஏத்திட்டாங்க மாமா. இப்ப மாத்தச் சொன்னா, பொருளே வேணாம்பாங்க."

முகம் வாடிவிட்டது அவளுக்கு. பிறகு திரையில் எதையோ அழுத்தினாள். அடுத்த தாளில் இலக்கங்கள் இல்லை, கோடுகள் மட்டும். பாக்கெட்டுகளில் அவள் ஏற்கெனவே ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களின் மேல் அவற்றை ஒட்டினோம். இலக்கம் எங்கே ஒளிந்தது என்ற சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை.

மறுநாள் கடைக்கு நானும் போனேன். காசாளர் பெண் ஒரு பாக்கெட்டைக் கருவியில் காட்டினாள். 'டிக்' என்றது. திரையில் பதின்மூன்று இலக்கங்களும் வரிசையாக வந்து நின்றன.

"சரி, தட்டுல அடுக்குங்க" என்றாள்.

மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் அடுக்கத் தொடங்கினேன். நாற்பது பாக்கெட். இப்போதும் அந்தப் பக்கம் போனால் எத்தனை மிச்சம் என்று எண்ணுகிறேன். அவளுக்காக எல்லாம் விற்றுப்போக வேண்டும். யாரும் எடுத்துப் போகவும் கூடாது.