ரிமோட்டில் ஒட்டிய பொட்டு

பதுளை டவுனில் டிவி சாமான் விற்கும் கடைக்காரர் அவர். நெற்றி நிறைய விபூதி, தோளில் ஒரு துண்டு. புதுச் சாமானாக இருந்தாலும் அந்தத் துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் நம் கையில் கொடுப்பார்.

பொங்கலன்று என் மகள் டிவியில் நேரடியாகப் பாடப் போகிறாள், அதைப் பதிந்து வைக்க ரெக்கார்டர் வேண்டும் என்று கேட்டேன்.

"வாடகைக்கு எடுங்கம்மா. ஆள் அனுப்பி நானே பதிஞ்சு தர்றேன்."

"குடியிருக்கிற லயத்து வீடே தேயிலைத் தோட்டத்தோடது. இதையும் வாடகைக்கு வாங்கவா? சொந்தமாவே குடுங்க."

அவர் ரெக்கார்டரை எடுத்து வைத்தார். ரிமோட்டைத் துடைத்து, ஒரு பொத்தானில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினார். "மகள் டிவில வந்ததும் இத அமுக்குங்க. அவ்வளவுதான்."

படிக்காதவள் என்று நினைத்துவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் பொட்டைப் பிய்த்து எறிந்தேன். தமிழையே எழுத்துக் கூட்டி வாசிப்பவள் நான். ரிமோட்டில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். பொங்கலன்று, பொட்டு இருந்தது எதில் என்று மறந்துபோய், ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தே போனது. தான் பாடியதை மகள் இன்றுவரை பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கடை வாசலில் அவர் கேட்டார். "பாட்டு பதிஞ்சிச்சாம்மா?"

"நல்லாப் பதிஞ்சிச்சுங்க."

"அப்ப ஒரு நாளைக்குக் கொண்டாங்க. நானும் கேக்கிறேன்" என்று, தன் மகளே பாடியதுபோலச் சிரித்தார்.

இப்போது டவுனுக்குப் போனால் எதிர்ப்பக்கமாகவே நடக்கிறேன். நான் படிக்காதவள் என்று தெரிந்துதான் பொட்டு ஒட்டினாரா, எல்லாருக்கும் ஒட்டுவாரா என்று கேட்க எனக்கு முகமில்லை.