முதிரைக் கால்கள்

மர்சூக்கின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. கடைசல் மெசின் தின்றுவிட்டதென்று சாய்ந்தமருதில் எல்லோரும் சொல்வார்கள். ஊர் வாய்க்கு எதையாவது மெல்லக் கொடுக்க வேண்டும்தானே. அவனும் திருத்தப் போனதில்லை. உண்மையில் மெசின் அவன் விரலைத் தொட்டதே இல்லை.

அது தின்றது வேறு. சுனாமி வந்த ஞாயிறு காலை, தங்கை நதீராவின் ஏழு வயது மகள் ஸப்னா அவன் பட்டறையில் மரச்சுருள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. மர்சூக் பிள்ளையைத் தூக்கி மெசினின் மேல் வைத்தான்.

"மகள், இதக் கெட்டியாப் புடிச்சிக்க! இரும்பு, அசையாது!"

இரும்பில் பிழை இல்லை. பிழை அதைத் தாங்கிய கால்களில். பழைய கட்டில் கால்கள் நான்கை ஆணியடித்து நிறுத்திவிட்டு, "வாற மாசம் நல்லதா ஒண்டு செய்வம்" என்று மூன்று வருசம் கடத்திய சோம்பேறி அவன். கால்கள் முறிந்தன. மெசின் பிள்ளையின் மேல் விழுந்தது. அவனைத் தண்ணீர் இழுத்துப் போய் அடுத்த வளவுத் தென்னையில் மோதியது. வற்றிய பிறகு நான்கு பேர் சேர்ந்து மெசினைப் புரட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். நதீரா பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்றைக்கு அண்ணனோடு பேச்சை விட்டவள்தான்.

நான்கு வருசம் அவன் கூலிக்கு மரம் இழுத்தான். கலியாணமும் முடிக்கவில்லை. தங்கை ஒரு தரமாவது அண்ணனைப் பழையபடி 'காக்கா' என்று கூப்பிட மாட்டாளா என்ற ஏக்கம் மட்டும் இருந்தது. பிறகு ஒருநாள், என்ன நினைத்தானோ, அந்த மெசினுக்கு ஸ்டாண்ட் செய்யத் தொடங்கினான். முதிரை மரத்தில் கால்கள், கீழே அகட்டி வைத்தான். ஆணியே இல்லை; துளைபோட்டு இறுக்கிய பொருத்துகள். குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே பெட்டி அடித்து ஈர மணலை இடித்து நிரப்பினான். காலடிகளைக் கொங்கிறீற்றில் புதைத்தான்.

யுத்தம் முடிந்ததென்று வீதியில் பட்டாசு வெடித்த நாளில், ஸ்டாண்ட் செய்ததைக் கேள்விப்பட்டு நதீரா பட்டறைக்கு வந்தாள். கையில் சம்மட்டி.

நேரே மெசினடிக்குப் போனாள். ஓங்கி ஸ்டாண்டின் காலில் அடித்தாள். சிராய் தெறித்து அவள் கன்னத்தைக் கிழித்தது. மறுபடி அடித்தாள், மறுபடியும். பட்டாசுச் சத்தத்தில் அக்கம்பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. உள்ளங்கை உரிந்து பிடியில் இரத்தம் வழுக்கியது. ஸ்டாண்ட் ஒரு நூல்கூட நகரவில்லை. மர்சூக் தடுக்கவில்லை. உடையட்டும், உடைந்தாலாவது அவள் மனம் ஆறும் என்று அல்லாஹ்விடம் மன்றாடினான். அது உடையவில்லை.

நதீரா நின்றாள். மூச்சு வாங்கியது.

"அண்டைக்கு இப்பிடிச் செஞ்சிருந்தா என்ட புள்ள இருந்திருப்பாள்."

"ஓம்," என்றான் மர்சூக்.

பிறகு வலக்கையைச் சட்டத்தின் மேல் விரித்து வைத்தான்.

"மரத்த விடு, புள்ள. இதில அடி."

அவள் அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு வந்தவன், இடக்கையால் சாப்பிட மனம் வராமல் இரண்டு நேரம் பட்டினி கிடந்தான். மறுநாள் மதியம் நதீரா சோற்றுக் கோப்பையோடு உள்ளே வந்தாள். அவள் உள்ளங்கைகளிலும் கட்டு. விரல் நுனிகளால் சோற்றையும் மீனையும் பிசைந்து உருட்டி அவன் வாயருகே நீட்டினாள்.

"வாயத் தொறங்க, காக்கா."